நான்கு டேப்லெட், ஒன்பது ஆண்டு: மாற்று இயங்குதளத்துக்காக வாங்கிப் பார்த்ததில் தெரிந்தவை

குறைந்த விலையில் ஒரு டேப்லெட் வாங்கி அதில் லினக்ஸோ, ஆண்ட்ராய்டின் தன்னார்வலர் பதிப்பான லீனியேஜ்ஓஎஸ்ஸோ போட வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் வழக்கமாக இரண்டு சாதனங்களின் விவரங்களை அருகருகே வைத்து அனுப்புவார்கள். எத்தனை கோர், எத்தனை ஜிபி, திரை எத்தனை அங்குலம் என்று எல்லாம் இருக்கும். நான் தேடும் இரண்டு விவரங்கள் மட்டும் இருக்காது. இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டு திறக்குமா? திறந்த பிறகு உள்ளே போட, இன்றைக்கும் யாராவது பராமரித்துவரும் மென்பொருள் இருக்கிறதா? முதல் கேள்வியை விட்டதால் ஒரு டேப்லெட்டும், இரண்டாவதை விட்டதால் இன்னொன்றும் எனக்கு நஷ்டம்.

இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன். 2016இல் வாங்கிய அந்த டேப்லெட்டில் இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் சிப், 2 ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பகம். தயாரித்தவர் பெயர் வேண்டாம். அப்போது ஏறக்குறைய ஒரே பலகைதான் பல பெயர்களில் விற்றது. இன்டெல் சிப் என்றால் மடிக்கணினி மாதிரிதானே, யூஎஸ்பியைச் செருகினால் லினக்ஸ் ஏறிவிடும் என்று நம்பினேன். சிப் 64 பிட், ஆனால் அதைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான யூஇஎஃப்ஐ 32 பிட். அன்றைய 64 பிட் நிறுவல் கோப்புகளில் பெரும்பாலானவை அதில் துவங்கவே இல்லை. இந்த வினோதக் கலவைக்கும் இடம்கொடுத்திருந்த டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பின் பல்கட்டமைப்புக் கோப்புதான் கடைசியில் கைகொடுத்தது.

நிறுவியானதும் தொடுதிரை வேலை செய்யவில்லை, வைஃபை வரவில்லை, ஒலியும் இல்லை. சைலீட் வகைத் தொடுதிரைக்கு அந்தந்த மாடலுக்கென்றே ஒரு ஃபர்ம்வேர் (உறுப்புக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பு வேண்டும். அதை விண்டோஸ் டிரைவருக்குள்ளிருந்து தோண்டியெடுக்க வேண்டியிருந்தது. ரியல்டெக் வைஃபை சிப்பின் டிரைவர் லினக்ஸின் மையக் கருவான கெர்னலின் 2017ஆம் ஆண்டு 4.12 பதிப்பில்தான், அதுவும் சோதனைப் பகுதியில், இடம்பிடித்தது. அதுவரை யூஎஸ்பி ஹப் ஒன்றில் விசைப்பலகை, மவுஸ், வைஃபை டாங்கிள் மூன்றையும் மாட்டி ஆக்டோபஸ் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் ஏற்றவும் ஹப் மாட்டவும் இருந்தது ஒரே துளை என்பதால், பேட்டரி தீர்வதற்குள் நிறுவி முடிக்க வேண்டும் என்ற பந்தயம் வேறு. எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் திரை திடீர் திடீரென்று உறைந்தது. சிப் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாமல் தடுக்கும் கட்டளையைக் கெர்னலுக்குக் கொடுத்தால் உறைவது நின்றது. பதிலுக்குப் பேட்டரி கரைந்தது. ஏழு மாதம் போராடிவிட்டு அலமாரியில் வைத்தேன். அந்தத் தலைமுறை ஆட்டம் டேப்லெட்டுகள் இன்றும் பழைய பொருள் சந்தையில் அடிமட்ட விலைக்குக் கிடைக்கின்றன. இலவசமாகவே கிடைத்தாலும் அவற்றுக்காக ஒரு வார இறுதியை நான் செலவிட மாட்டேன்.

2018இல் கூகுளின் பழைய நெக்ஸஸ் 7 ஒன்று கைக்கு வந்தது. 2013இல் வெளியான இரண்டாம் பதிப்பு. ஏழு அங்குலத்துக்குள் 1920x1200 திரை, 2 ஜிபி நினைவகம். ஆண்ட்ராய்டு 4.3இல் பிறந்து 6.0.1இல் அதிகாரபூர்வ ஆயுள் முடிந்த சாதனம். கணினியில் இணைத்து, பூட்லோடருடன் பேசும் ஃபாஸ்ட்பூட் கருவியில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். திரையில் எச்சரிக்கை வந்தது, ஒப்புக்கொண்டேன், பூட்டு திறந்தது. யாரிடமும் அனுமதிக் குறியீடு கேட்டு விண்ணப்பிக்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. திறக்கும்போது உள்ளே இருக்கும் அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இது ஏறக்குறைய எல்லா ஆண்ட்ராய்டு சாதனங்களுக்கும் பொது. திருடியவர் பூட்டைத் திறந்து உங்கள் படங்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு 7.1 அடிப்படையிலான லீனியேஜ்ஓஎஸ் 14.1 போட்டேன். சயனோஜென்மாட் என்ற முந்தைய மாற்று ஆண்ட்ராய்டு 2016 டிசம்பரில் நின்றபோது அதன் நிரலிலிருந்து கிளைத்ததுதான் லீனியேஜ். கூகுள் செயலிகளைக் குறைந்தபட்சத் தொகுப்பாகத்தான் ஏற்ற முடிந்தது. அந்தச் சாதனத்தில் இயங்குதளத்துக்கு ஒதுக்கிய சிஸ்டம் பகிர்வு ஒரு ஜிபியைக்கூட எட்டாது. முழுத் தொகுப்பு உள்ளே நுழையாது. எனக்கு அது வசதியாகவே போயிற்று. மின்னூல் படிக்க, பாட்டுக் கேட்க, தமிழ் 99இல் குறிப்பு எழுத நான்கு ஆண்டு ஓடியது. நடுவில் ஒருமுறை உபுண்டு டச் போட்டுப் பார்த்தேன். 2017 ஏப்ரலில் உபுண்டுவின் நிறுவனமான கெனானிக்கல் கைவிட்ட பிறகு யூபிபோர்ட்ஸ் குழு எடுத்து வளர்க்கும், தொடுதிரைக்கான லினக்ஸ் தளம் அது. விரலால் ஓரங்களிலிருந்து இழுத்துப் புழங்கும் முறை அழகாக இருந்தது; எனக்குத் தேவையான செயலிகள்தான் இல்லை. மூன்றாம் வாரம் லீனியேஜுக்கே திரும்பினேன்.

ஆட்டம் படுத்தியதும் நெக்ஸஸ் ஓடியதும் அதிர்ஷ்டத்தால் அல்ல. மேசைக் கணினியில் எந்த வன்பொருள் எங்கே இருக்கிறது என்பதை யூஇஎஃப்ஐயும் ஏசிபிஐ அட்டவணைகளும் இயங்குதளத்துக்குச் சொல்லிவிடுகின்றன. அதனால் ஒரே லினக்ஸ் கோப்பு ஆயிரம் மாடல்களில் துவங்குகிறது. கைப்பேசிகளிலும் நெக்ஸஸிலும் உள்ள ஏஆர்எம் வகைச் சிப் கொண்ட டேப்லெட்டுகளில் அப்படிச் சொல்வார் பெரும்பாலும் இல்லை. தொடுதிரை எந்தக் கம்பியில் தொங்குகிறது, திரைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் ஒருவர் உட்கார்ந்து மாடல் மாடலாக எழுதித்தர வேண்டும். எழுதியவர் ஆர்வம் இழந்தால் உங்கள் டேப்லெட் அந்த ஆண்டோடு நின்றுவிடும். ஆட்டம் டேப்லெட் இரண்டுக்கும் நடுவே சிக்கியது. கணினியைப் போலத் துவங்கும், ஆனால் உள்ளே இருப்பவை கைப்பேசிக்கான மலிவு உறுப்புகள். ஏசிபிஐ அட்டவணையில் அவற்றைப் பற்றி இருப்பது அரைகுறைத் தகவல்.

ஆகவே ஏஆர்எம் சாதனம் என்றால் நான் முதலில் பார்ப்பது லீனியேஜ்ஓஎஸ்ஸின் சாதனப் பட்டியல். அடுத்தது, ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் மேல் 2017 முதல் வளர்ந்துவரும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் பட்டியல். பட்டியலில் பெயர் இருப்பதோடு நிறைவடையக் கூடாது. கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, தற்போது பராமரிப்பாளர் இருக்கிறாரா, கேமரா, ஒலி, உறக்கநிலை எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படிக்க வேண்டும். "துவங்குகிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் உண்மையில் துவங்குவது மட்டும்தான் நடக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் 2020இல் மூன்றாவது டேப்லெட்டில் ஏமாந்தேன். பட்டியலில் பெயர் இருந்தது, பராமரிப்பாளர் இருந்தார், பெட்டியிலும் அதே பெயர். உள்ளே இருந்தது வேறு சிப். ஒரே பெயரில் இரண்டு வகை விற்றிருக்கிறார்கள். பின்புறத்தில் எறும்பு எழுத்தில் அச்சிட்ட மாடல் எண்ணின் கடைசி எழுத்து மட்டும்தான் மாறியிருந்தது. அமைப்புகளில் பூட்டைத் திறக்க அனுமதிக்கும் "ஓஈஎம் அன்லாக்கிங்" என்ற பொத்தானும் இருந்தது, அழுத்தினால் பச்சையாகவும் மாறியது. பூட்லோடரோ கட்டளைக்கு "அனுமதி இல்லை" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது பழைய சாதனம் விற்பவரிடம் மூன்று படங்கள் கேட்கிறேன்: பின்புற மாடல் எண், "சாதனத்தைப் பற்றி" பக்கம், டெவலப்பர் பகுதியில் அந்தப் பொத்தான். மூன்றாவதைக் கேட்டால் சிலர் எரிச்சலடைகிறார்கள். பரவாயில்லை. நான்காவதாக, டேப்லெட்டைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த படமும் கேட்கலாம். திரை சட்டத்தை விட்டு மேலெழுந்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள்.

நான்காவதுதான் இதை எழுதிக்கொண்டிருக்கும் மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் கோ, 2018இல் வந்த முதல் பதிப்பு. 2022இல் பழையதாக வாங்கினேன். பென்டியம் கோல்டு 4415ஒய் சிப், பத்து அங்குலத் திரை, 1800x1200. இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. 4 ஜிபி நினைவகத்தோடு வருவதில் 64 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பகம். 8 ஜிபி வகையில் 128 ஜிபி எஸ்எஸ்டி. விலை வித்தியாசத்தைப் பார்த்துக் கை தயங்கினாலும் இரண்டாவதையே வாங்குங்கள். நினைவகமும் சேமிப்பகமும் பலகையோடு ஒட்டியவை, பிறகு மாற்ற வழியில்லை.

லினக்ஸ் போட்டது சிறுகதைதான். ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி மின்பொத்தானைத் தட்டினால் யூஎஸ்பியிலிருந்து துவங்குகிறது. போட்டது ஃபெடோரா என்ற லினக்ஸ் பதிப்பு, க்னோம் பணிச்சூழல். தொடுதிரையும் பேனாவும் முதல் நாளே வேலை செய்தன. திரையைத் திருப்பினால் படமும் திரும்பியது. சர்ஃபேஸ் சாதனங்களுக்கென்றே தன்னார்வலர்கள் பராமரிக்கும் லினக்ஸ்-சர்ஃபேஸ் கெர்னலைக் கேமராவுக்காகச் சேர்த்தேன். கேமரா வந்தது, படம் மட்டும் வெளிறிப்போய், சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல இருக்கிறது. லினக்ஸில் இந்த வகைக் கேமராக்களுக்கு வண்ணச் சீரமைப்பு இன்னும் கனியவில்லை. காணொளி அழைப்புக்குக் கைப்பேசியையே எடுக்கிறேன்.

அன்றாடப் பழக்கத்தில் இதன் உண்மையான பலம் திரையின் 3:2 விகிதம். ஏ4 அளவு பிடிஎஃப் பக்கம் நெடுக்காகப் பிடித்தால் ஏறக்குறைய முழுதாக நிறைகிறது. அகலமாக நீளும் பத்து அங்குலத் திரைகளில் மேலும் கீழும் வெற்றிடம்தான் தங்கும். ஸூர்னல்++ என்ற செயலியில் பிடிஎஃப் மீதே பேனாவால் திருத்துகிறேன். மெய்ப்புப் பார்க்க இதைவிட வசதியாக வேறொன்று எனக்கு அமையவில்லை. தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி, அதற்கான எம்17என் விசைப்பலகைத் தொகுப்பு. தமிழ் 99 அதிலேயே இருக்கிறது. வெளி விசைப்பலகை இருக்கும்வரை குறையில்லை. திரை விசைப்பலகைதான் பொறுமையைச் சோதிக்கும். வேண்டாத இடத்தில் எழும்பும், வேண்டிய இடத்தில் வராது. விரல் மட்டும் வைத்துக்கொண்டு புழங்குவதில் ஆண்ட்ராய்டு எங்கோ முன்னால் இருக்கிறது. லினக்ஸ் விரும்பியான நானே இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அடுத்த உறுத்தல் உறக்கநிலை. இரவில் மூடிவைத்தால் காலையில் பேட்டரியில் நல்ல பங்கு காணாமல் போயிருக்கும். பல அமைப்புகளை மாற்றிப் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததும் அணைத்தே வைக்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டேன். நினைத்தவுடன் எடுத்து ஒரு வரி பார்த்துவிட்டு வைக்கும் டேப்லெட் சுகம் இதில் கிடையாது. அதற்கு நெக்ஸஸ்தான்.

விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. முதல் சர்ஃபேஸ் கோவின் சிப் விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. இதே நிலையில் இருக்கும் இன்டெல் டேப்லெட்டுகளை இனிப் பலரும் கைகழுவுவார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அறுவடைக் காலம். ஆனால் பழைய சர்ஃபேஸ் ஆர்டி பக்கம் போய்விடாதீர்கள். தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் அது 32 பிட் ஏஆர்எம் சிப், கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டும் துவங்கவிடும் "செக்யூர் பூட்" சோதனையை அணைக்கும் வசதியும் தரப்படவில்லை.

படம் பார்க்கவும் படிக்கவும் மட்டும்தான் என்றால் இவ்வளவு தேவையில்லை. லீனியேஜ் பட்டியலில் உள்ள கேலக்ஸி டேப் ஏ7 போன்ற 2020ஆம் ஆண்டுச் சாதனம் போதும். வாங்குமுன் சில இழப்புகளைக் கணக்கில் கொள்ளுங்கள். பூட்லோடர் திறந்தால் வைட்வைன் என்ற காணொளி நகல்தடுப்பு வழக்கமாக உயர்நிலையான எல்1இலிருந்து கீழ்நிலையான எல்3க்கு இறங்கும். கட்டணத் திரைத் தளங்கள் அதன்பின் குறைந்த தெளிவில்தான் ஓடும். சாதனம் மாற்றப்படாததா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையைக் கேட்கும் வங்கிச் செயலிகள் பல துவங்காது. சாம்சங் சாதனங்களில் நாக்ஸ் பாதுகாப்பு அமைப்பின் மின்னணு உருகியும் எரிந்துவிடும்; பழைய மென்பொருளையே திரும்பப் போட்டாலும் அது மீளாது. எனக்கு இவை பெரிய இழப்பாகப் படவில்லை. வீட்டில் மற்றவர்களும் புழங்கும் டேப்லெட் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சமாதானம் நிலவும்.

லினக்ஸுக்கென்றே விற்கும் பைன்டேப் 2 பற்றியும் கேட்பார்கள். 2023இல் வந்தது, ராக்சிப் ஆர்கே3566 சிப். வெளியானபோது அதன் வைஃபைக்குப் பயன்படும் நிலையில் டிரைவர் இல்லை. அதை மறைக்காமல் சொல்லித்தான் விற்றார்கள். டிரைவர் எழுதுபவர்களுக்கு அது விளையாட்டுப் பொருள். நாளை காலை வேலைக்கு எடுத்துப்போக வேண்டும் என்பவர்களுக்கு அல்ல.

நெக்ஸஸின் பேட்டரி 2022 கடைசியில் அரைமணி நேரத்துக்கு இறங்கிவிட்டது. மாற்று பேட்டரி வாங்கி, பின்மூடியைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பித் திறந்து நானே மாற்றினேன். மூடி ஒரு மூலையில் இன்னும் சரியாக உட்காரவில்லை. படிக்கும்போது அந்த மூலை உள்ளங்கையில் இடிக்கிறது.