எட்டு போர்ட் அட்டை, மூன்று இயங்குதளங்கள்

ஒரே கணினியில் எட்டு எடைக் கருவிகளையோ பார்கோடு வாசிப்பான்களையோ இணைக்க வேண்டியவர்கள் பல போர்ட் சீரியல் அட்டை (தரவை பிட் பிட்டாக அனுப்பும் இணைப்புத் துளைகள் பல கொண்ட அட்டை) வாங்கும்போது முதலில் பார்ப்பது விலையை. நான் முதலில் பார்ப்பது அட்டையிலுள்ள சிப்பை. அந்தச் சிப்பை இயங்குதளத்துக்குத் தானாகவே தெரியுமா, அல்லது அட்டை செய்த நிறுவனம் தரும் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் அது ஊமையாகிவிடுமா? விண்டோஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி மூன்றும் பிரியும் இடம் இதுதான்.

லினக்ஸில் 8250 என்ற பழைய சிப்பின் பெயரைத் தாங்கிய டிரைவரே இன்றுவரை பெரும்பாலான அட்டைகளை இயக்குகிறது. 16550 சிப் முதல் 128 பைட் ஃபைஃபோ (எழுத்துகளைத் தற்காலிகமாகத் தாங்கும் சிறு நினைவகம்) கொண்ட 16950 வரை அதற்கு அத்துப்படி. பட்டியலில் இல்லாத பிசிஐ அட்டையாக (தாய்ப்பலகையில் செருகும் அட்டையாக) இருந்தாலும், அது தன்னைச் சீரியல் சாதனம் என்று அறிவித்துக்கொண்டால் ஊகித்துப் பார்க்கும். அந்த ஊகத்தில்தான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். எட்டு போர்ட்களும் தெரிந்தன, ஆனால் வந்ததெல்லாம் குப்பை எழுத்துகள். கேபிளை மாற்றினேன், எதிர்முனைக் கருவியைச் சந்தேகித்தேன், அரைநாள் போயிற்று. அட்டையில் இருந்தது 14.7456 மெகாஹெர்ட்ஸ் படிகம்; போர்ட்டின் வேகத்துக்கு அடிப்படையான கடிகாரம் அதுதான். டிரைவர் நினைத்துக்கொண்டதோ வழக்கமான 1.8432. நான் வேகத்தை நொடிக்கு 9,600 பிட் என்று அமைத்தபோது கம்பியில் ஓடியது 76,800. போர்ட் அமைப்புகளை மாற்றும் செட்சீரியல் கட்டளையால் அடிப்படை வேகத்தை 1,15,200 இலிருந்து 9,21,600 ஆக மாற்றியதும் எல்லாம் தெளிந்தது.

இன்னொரு பொறியும் உண்டு. சில கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதிகள்) நான்கு போர்ட்களுக்கு மட்டுமே இடம் ஒதுக்கிக் கட்டப்பட்டிருக்கும். தாய்ப்பலகையின் போர்ட் ஒன்று போனால் அட்டைக்கு மிஞ்சுவது மூன்று. துவக்கப் பதிவில் ஒரு வரி முனகலோடு மற்றவை காணாமல் போகும். துவக்க அளவுருவில் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். ஆனால் அது தெரியாமல் நல்ல அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

ஃப்ரீபிஎஸ்டி வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. பியுசி என்ற டிரைவர் அட்டையை அடையாளம் கண்டு போர்ட்களாகப் பகுக்கும். யுஆர்ட் என்ற டிரைவர் ஒவ்வொரு போர்ட்டையும் ஓட்டும். அட்டையின் கடிகார வேகமும் பியுசியின் அட்டவணையிலேயே இருப்பதால், அறிந்த அட்டையில் மேலே சொன்ன குழப்பத்துக்கு இடமில்லை. அறியாத அட்டை என்றால் அட்டவணையில் ஒரு பதிவைச் சேர்த்து மீண்டும் தொகுக்க வேண்டும். மூன்றில் படிக்க மிகத் தெளிவான அமைப்பு இதுதான் என்பேன். அட்டவணையின் நீளத்தில் மட்டும் லினக்ஸ் முந்துகிறது.

விண்டோஸில் தொடக்கம் சுகமானது. நிறுவனத்தின் டிரைவரை நிறுவினால், போர்ட் எண்ணை மாற்றுவதற்கும் பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிரும் ஆர்எஸ்-485 முறைக்குத் தாவுவதற்கும் அழகான சாளரமே கிடைக்கும். சிக்கல் பிறகு வருகிறது. 64 பிட் விஸ்டாவிலிருந்து டிஜிட்டல் கையொப்பமில்லாத கெர்னல் டிரைவர் ஏறாது. விண்டோஸ் 10 இன் 1607 பதிப்பிலிருந்து புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பமே தேவை. ஆகவே நிறுவனம் அந்த அட்டையைக் கைகழுவிவிட்டால் உங்களால் செய்யக்கூடியது சொற்பம். அட்டையை வேறு துளைக்கு மாற்றினால் போர்ட் எண்கள் மாறிவிடலாம். பழைய எண்கள் இல்லாத சாதனத்துக்காக இன்னும் ஒதுக்கப்பட்டே கிடக்கும். விண்டோஸ் போர்ட்களுக்குக் காம்1, காம்2 என்று பெயரிடும்; காம்10 முதல் மேற்பட்ட எண்களைத் தனி முன்னொட்டோடு திறக்க வேண்டும் என்பதை அறியாத பழைய மென்பொருள்கள் ஒன்பதோடு நின்றுவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை இயங்குதளத்தைவிட ஃபைஃபோவுக்கே முக்கியத்துவம் தருவேன். 1,15,200 வேகத்தில் எழுத்துக்குப் பத்து பிட் என்ற கணக்கில் ஒரு போர்ட்டில் நொடிக்கு 11,520 எழுத்துகள் வரும். 16 பைட் ஃபைஃபோ நிரம்ப 1.4 மில்லிநொடிகூட ஆகாது. அதற்குள் கெர்னல் வந்து அள்ளாவிட்டால் எழுத்துகள் தொலையும். 256 பைட் உள்ள சிப் 22 மில்லிநொடி அவகாசம் தருகிறது. எட்டு போர்ட்களும் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

சொந்தச் செயலியோடு வந்த ‘அறிவுள்ள’ அட்டைகள் ஒரு காலத்தில் இதற்கு மருந்தாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் தேவைப்பட்டதே அவற்றுக்கு வினையானது. சைக்ளேட்ஸ், ராக்கெட்போர்ட் அட்டைகளின் டிரைவர்கள், பராமரிக்க ஆளில்லாமல் 2021 இல் லினக்ஸ் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றைவிடப் பழைய, மந்தமான 16550 மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அட்டைக்குப் பதிலாக யுஎஸ்பி வழியே சீரியல் போர்ட் தரும் மாற்றிகளைப் பற்றி ஒரு வரி: அவற்றில் வரும் எஃப்டிடிஐ நிறுவனச் சிப்கள் சிறு தரவைக் கணினிக்கு அனுப்புமுன் காத்திருக்கும் இயல்பான தாமத நேரம் 16 மில்லிநொடி, எனவே சிறு கேள்வி-பதில் பரிமாற்றங்களுக்கு அதைக் குறைத்தாக வேண்டும்.

புதிதாக வாங்குவதானால் லினக்ஸும் பெரிய ஃபைஃபோ கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையுமே என் தேர்வு. பயன்பாட்டு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால், இப்போதைய பதிப்புக்கு டிரைவர் வெளியிட்டிருக்கும் நிறுவனத்தின் அட்டையை வாங்கி, அந்த டிரைவர் கோப்பை அன்றைக்கே பத்திரப்படுத்துவேன். பணம் கட்டுமுன் விற்பவரிடம் அட்டையின் பிசிஐ அடையாள எண்களைக் கேளுங்கள். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டின் மூல நிரலிலும் அவற்றைத் தேடிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.