பெயர் நம்முடையது, அனுப்புவது யார்? பிசினஸ் மெயிலோடு மூன்று வருடம்

இன்வாய்ஸ் அனுப்பி இருபது நாளாகியும் பணம் வரவில்லை. போன் செய்தால், "நீங்க அனுப்பவே இல்லையே சார்" என்றார் வாடிக்கையாளர். ஸ்பாம் ஃபோல்டரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மூன்று இன்வாய்ஸ், இரண்டு நினைவூட்டல், எல்லாம் வரிசையாக அங்கே கிடந்தன. சொந்த டொமைன், காசு கட்டி வாங்கிய மெயில் சேவை, இருந்தும் இந்தக் கதி. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பெயர்களையும் நான் உட்கார்ந்து படித்தது அதற்குப் பிறகுதான்.

மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-ல் வகுக்கப்பட்டது. அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், அதைச் சரிபார்க்க அதில் வழியே இல்லை. இந்த மூன்றும் பிற்பாடு போட்ட ஒட்டு. 'என் பெயரில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு' என்று டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் விவரங்களை எவரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில், எழுதி வைப்பது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவது டிகிம். இரண்டும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்லி வைப்பது டிமார்க்.

எஸ்பிஎஃப் அரை மணி நேர வேலை என்றார்கள். எனக்கு ஒரு வாரம் ஆனது. மெயில் சேவைக்கான வரி ஏற்கெனவே இருந்தது. பில்லிங் மென்பொருளின் உதவிப் பக்கம் 'இந்த வரியைச் சேருங்கள்' என்றதும், அதைத் தனி ரெக்கார்டாகப் போட்டுவிட்டேன். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பிழை என்று இரண்டையுமே ஒதுக்கிவிடுவார்கள். நல்லது செய்வதாக நினைத்து, இருந்ததையும் கெடுத்திருந்தேன். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்த பின், 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் போகக் கூடாது என்ற விதி குறுக்கே வந்தது. நாம் எழுதுவது ஐந்து 'இன்க்ளூட்' (இன்னொரு சேவையின் பட்டியலையும் சேர்த்துக்கொள் என்ற குறிப்பு) என்றாலும், ஒவ்வொன்றுக்கும் உள்ளே இன்னும் சில இருக்கும், அவையும் கணக்கில் சேரும். பார்த்தால், அதில் மூன்று நாங்கள் எப்போதோ கைவிட்ட சேவைகள். காசு கட்டுவதை நிறுத்தியிருந்தோம், அனுமதியை எடுக்க மறந்திருந்தோம்.

டிகிம்மில் என் இரண்டு நாளைத் தின்றது, கையெழுத்தைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் போட்டு வைக்கும் சாவியின் நீளம். 2048 பிட் சாவி 255 எழுத்துக்குள் அடங்காது, ஆனால் அதைப் போடும் டிஎக்ஸ்டி ரெக்கார்டின் (டிஎன்எஸ்ஸில் வெறும் எழுத்தாக வைக்கும் பதிவு) ஒரு துண்டு அதற்கு மேல் நீள முடியாது. எங்கள் டிஎன்எஸ் பேனல் மூச்சு விடாமல் வாலை வெட்டிவிட்டு 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் காட்டியது. இரண்டு துண்டாகப் பிரித்து, தனித்தனி மேற்கோள் குறிக்குள் போட்ட பிறகே வேலை செய்தது. சில சேவைகள் சாவிக்குப் பதில் சிநேம் தருகின்றன, அதாவது சாவி இருக்கும் தங்கள் இடத்தைக் கைகாட்டும் பதிவு. அப்படிக் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சாவி மாற்றும் வேலையும் அவர்களுடையதாகிவிடும்.

என்னை உண்மையில் குழப்பியது டிமார்க்தான். நியூஸ்லெட்டர் சேவை வழியாகப் போன மெயிலில் எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் மட்டும் ஃபெயில். இதென்ன கணக்கு? ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து வரி வரியாகப் படித்ததும் புரிந்தது: பாஸ் ஆனது அந்தச் சேவையின் டொமைன், எங்களுடையது அல்ல. கையெழுத்தும் அவர்களுடையது, போய்ச் சேராத மெயில் (பவுன்ஸ்) திரும்பும் முகவரியும் அவர்களுடையது. ஃப்ரம் வரியில் தெரியும் டொமைனோடு இரண்டில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும். 'அலைன்மென்ட்' என்பது இதுதான். அந்தச் சேவையின் செட்டிங்கில் எங்கள் டொமைனிலேயே கையெழுத்திடச் செய்ததும் சரியானது.

டிமார்க் பாலிசியை முதலில் 'நன்' (தேறாவிட்டாலும் எதுவும் செய்யாதே) என்று வைத்து, நான்கு மாதம் பெறும் சர்வர்களிடமிருந்து வெறுமனே ரிப்போர்ட் மட்டும் வாங்கினேன். தினமும் ஜிப் கோப்புகளாக வந்து விழும். உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லைக் கண்ணால் படிக்க முயலாதீர்கள், அட்டவணையாக மாற்றித் தரும் கருவிகள் உண்டு. எங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வெப்சைட் சர்வர் ஆர்டர் உறுதி மெயிலை நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஆபீஸ் மூலையில் கிடக்கும் பிரின்டர் ஸ்கேன்களை அனுப்பிக்கொண்டிருந்தது. இவை போக, முன்பின் தெரியாத ஐபிக்கள் (அனுப்பும் கணினியின் இணைய எண்) சில. பிரின்டரை மெயில் சேவையில் லாகின் செய்து அனுப்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு 'குவாரன்டைன்' (ஸ்பாமில் ஒதுக்கு), பல மாதம் கழித்து 'ரிஜெக்ட்' (வாங்காமல் திருப்பு). அவசரப்பட்டு முதல் நாளே ரிஜெக்ட் போட்டிருந்தால் எங்கள் ஆர்டர் மெயில்களை நாங்களே கொன்றிருப்போம். இன்னொன்று: வாடிக்கையாளர் தன் மெயிலை வேறு பெட்டிக்குத் தானாக ஃபார்வர்டு செய்தால், பெரும்பாலும் எஸ்பிஎஃப் உடையும், மெயில் மாறாத வரை டிகிம் நிற்கும். அதனால் இரண்டில் நான் நம்புவது டிகிம்மைத்தான்.

இவ்வளவும் செய்தால் இன்பாக்ஸ் உறுதியா? இல்லை. அனுப்பியது நாம்தான் என்று நிரூபித்தாயிற்று, அவ்வளவே. அனுப்பியது குப்பை என்றால் அது நம் குப்பைதான் என்பதும் சேர்ந்தே நிரூபணமாகிறது. மூன்றும் பாஸ் ஆகியும் எங்கள் நியூஸ்லெட்டர் ஸ்பாமுக்குத்தான் போனது. காரணம், எப்போதோ சேர்த்த பழைய முகவரிப் பட்டியல். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளின் விதி. ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் பட்டனை அழுத்தினால் எல்லைக்கு வந்துவிட்டோம் என்று பொருள். நாங்கள் அந்த அளவுக்கு அனுப்புவதில்லை, என்றாலும் அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டேன். ஒரு வருடமாகத் திறக்காதவர்களை நீக்கினேன், விலகும் பட்டனைக் கண்ணில் படும்படி மேலே வைத்தேன், நியூஸ்லெட்டரை எங்கள் டொமைனுக்குக் கீழே ஒரு தனிப் பெயருக்கு (சப்டொமைன்) மாற்றினேன். பட்டியல் பாதியானது. இன்வாய்ஸ் ஸ்பாமில் கிடந்ததாகப் புகார் வந்து ஒன்றரை வருடமாகிறது.

போன மாதம் ரிப்போர்ட்டில் புதிதாக ஒரு ஐபி, அதன் மெயில் அத்தனையும் ஃபெயில். யாரோ ஏமாற்றுக்காரன் என்று பதறி விசாரித்தால், புதிதாகச் சேர்ந்த பையன் யாரிடமும் சொல்லாமல் ஒரு மார்க்கெட்டிங் கருவியில் எங்கள் முகவரியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். "மூணு நாளா ஒருத்தர்கூட ரிப்ளை பண்ணலண்ணா, நான் எழுதினதுதான் சரியில்லபோலன்னு நினைச்சேன்" என்றான்.