அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்: நான்கு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு

பேத்திக்கு இரண்டே முக்கால் வயது நடக்கும்போது அம்பாசமுத்திரத்துக்குப் போய் இந்த மரச் சொப்புச் செட்டை வாங்கினேன். 21 உருப்படிகள், ஓலைக் கொட்டானோடு சேர்த்து 650 ரூபாய். இப்போது அவளுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. நான் 28 வருடம் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருந்தவள். ஒரு பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போக என்னால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அப்படிப் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் வேலைப்பாடு. கடைக்குப் பின்னாலேயே கடைசல் பட்டறை இருந்ததால் செய்வதை நேரில் பார்க்க முடிந்தது. சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்கிறது. அதன்மேல் தாழை மடலை வைத்து அழுத்தினால் மெருகு வந்துவிடுகிறது. தூரிகையால் அடித்த பெயின்ட் போல இது செதில் செதிலாக உரிவதில்லை. வாயில் வைக்கிற வயதுக் குழந்தைக்கு இதுதான் முக்கியம். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டி, வெள்ளைத் துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஊதா நிறக் குடம் மட்டும் துணியில் சாயத்தை விட்டது. அடுத்த வாரம் கொண்டுபோனதும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

செட்டில் எனக்கு மிகவும் பிடித்தது மூடிகள். இட்லிப் பானை, குடம், சம்புடம் மூன்றுக்கும் தனித்தனி மூடி; அடியில் உதடு வைத்துக் கடைந்திருக்கிறார்கள். ஒன்றின் மூடி மற்றொன்றில் உட்காராது. முதல் வாரம் பேத்தி மூடியைத் தலைகீழாக வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். உட்காரவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுவாள். பிறகு ஒவ்வொரு பானையாக வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், தரையில் மல்லாந்து கிடந்த மூடியை எடுத்தவள், பானைக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே கையைத் திருப்பி உதட்டைக் கீழ்ப்பக்கம் ஆக்கிவிட்டாள். பானையில் வைத்துப் பார்க்கிற வேலை அவள் தலைக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் எனக்கு எப்படிச் சொல்வது என்றே தெரிந்திருக்காது.

இப்போதெல்லாம் சொப்பிலும் மிக்சி, காஸ் அடுப்பு, குக்கர் வந்துவிட்டன. என் செட்டில் அவையும் இருந்தன. அம்மி, உரல், திருகை, முறம் போன்ற பழைய சாமான்களும் இருந்தன. பழையவற்றை அவள் தொடமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் வீட்டில் திருகை ஏது? முதல் இரண்டு வாரம் நான் நினைத்தபடியே நடந்தது. மிக்சியைப் பிடித்துக்கொண்டு "கிர்ர்ர்" என்பாள், காஸ் அடுப்பின் குமிழைத் திருகுவாள், செம்பிலிருந்து ஒன்றுமில்லாததை டம்ளரில் ஊற்றி எனக்குக் கொடுப்பாள். நான் மடக்கென்று குடித்துவிட்டேன். பிடுங்கிக்கொண்டு, "சூடு! ஊது!" என்று அதட்டினாள். ஊதிக் குடித்த பிறகுதான் முகம் மலர்ந்தது.

மூன்று வயதை நெருங்கும்போது திருகை மேலெழுந்து வந்தது. மேல்கல்லில் கைப்பிடி இருப்பதால் சுற்றும். அது முதலில் பஸ் ஸ்டியரிங் ஆனது. பிறகு மேலே குட்டிப் பொம்மையை உட்காரவைத்து ராட்டினம் ஆக்கினாள். ஒரு நாள் அதைச் சுவரில் சாய்த்துவைத்து "மணி ஆகிவிட்டது, தூங்கு" என்றாள். நான் மிக்சியை எடுத்து "இதுவும் ராட்டினம்தானே" என்று சொல்லிப் பார்த்தேன். "அது மிக்சி!" என்று கோபித்துக்கொண்டாள். மிக்சி இன்றுவரை மிக்சியாகவே இருக்கிறது.

என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இரண்டு இரண்டரை வயதில் பிள்ளைக்குப் பாவனை விளையாட்டு பிடிபட, தெரிந்த சாமானின் சாயல் வேண்டும். அந்த வேலையை மிக்சியும் அடுப்பும் செய்தன. அதற்குப் பிறகு, எதுவாகவும் ஆகக்கூடிய ஒரு பொருளை அது தேடுகிறது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் பிள்ளையைச் சொல்கிறார். குதிரை என்கிற கருத்தைக் குதிரையிடமிருந்து கழற்றி ஒரு குச்சியின்மேல் ஏற்ற அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள்: 'அ' என்கிற வளைந்த கோட்டுக்கும் நாம் வாயால் எழுப்பும் ஒலிக்கும் உருவத்தில் என்ன ஒற்றுமை? ஒன்று இன்னொன்றுக்காக நிற்கும் என்பது பிடிபடாத பிள்ளையை 'அ' எழுதவைத்தால் அது கோட்டைத்தான் வரையும். அங்கன்வாடி வாசலில் நின்று "இன்றைக்கு விளையாட மட்டும்தான் விட்டீர்களா, டீச்சர்?" என்று கேட்ட தாய்மார்களிடம் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அப்போது என் கையில் இந்தத் திருகை இருந்திருக்கலாம்.

இனி குறை. கடையில் "எல்லா வயதுக்கும் கொடுக்கலாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது சரியில்லை. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் குழந்தைப் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பவற்றுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு நியாயமானது. ஒரு கடைசல் பட்டறை ஆய்வகத்துக்கு எங்கே போகும்? அப்படியானால் சோதிக்கிற பொறுப்பு நம்முடையது. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் முழுவதும் அடங்கிவிடுகிற எதுவும் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளலாம். அளவுகோல் வைத்து அளந்ததில் இரண்டு டம்ளர், எண்ணெய்க் கிண்ணம், அம்மியின் குழவி ஆகிய நான்கும் அந்த அளவுக்குள் அடங்குகிறவை. அந்தக் கிண்ணமும் குழவியும் அப்போதே பீரோவுக்குப் போய்விட்டன. டம்ளர் மட்டும் நான் பக்கத்தில் இருக்கும்போது வெளியே வரும். காபி முடிந்ததும் உள்ளே போய்விடும். மூன்றாவது பிறந்தநாள் கழிந்துதான் நான்கையும் கொட்டானில் சேர்த்தேன். வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கடைக்காரர்களும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம்; பெரிய செலவில்லை.

இன்னொன்று, மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஐப்பசியில் சம்புட மூடி இறுகிப் போய், நான் பல்லைக் கடித்துத் திறக்க வேண்டியதாயிற்று. தண்ணீரில் ஊறவிடாமல் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். முறத்தின் விளிம்பு இரண்டு முறை தரையில் விழுந்ததில் சற்றுச் சிராய்த்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை தாராளமாக வாங்கலாம். மூன்று வயதுக்கு மேல் வாங்குகிறவர்கள் புதுச் சாமான்களைக் குறைத்து அம்மி, உரல், திருகை, முறம் இவற்றைக் கூடுதலாகக் கேளுங்கள்; கேட்டால் மாற்றிப் போட்டுத் தருகிறார்கள். நான் மறுபடி போகும்போது திருகை மட்டும் இன்னும் ஒன்று வாங்க வேண்டும். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் வந்துவிடுகிறான். அவனுக்கும் பஸ் ஓட்ட வேண்டியிருக்கிறது.