கல்லடி வீட்டுப் பின்னறைக்கு வாங்கின ரெண்டு வைஃபை ரிசீவர்

முதலே சொல்லிப்போட்டுத் தொடங்கிறன், ரெண்டுட பிராண்ட் பேரையும் எழுதமாட்டன். பயத்தில இல்ல. வைஃபை இல்லாத கொம்பியூட்டர்ல குத்தினா வைஃபை பிடிக்கிற இந்த யூஎஸ்பி வைஃபை ரிசீவர் எண்டுற சாமான்ல பேர நம்பி வாங்கிப் பிரயோசனமில்ல, ஒரே மொடல் நம்பர போட்டு ஒரே பெட்டியில விப்பாங்க, உள்ளுக்க கிடக்கிற சிப் மட்டும் மாறிரும், ஸ்டிக்கர்ல சின்ன எழுத்தில வி1, வி2 எண்டு இருக்கும், அத ஆரு பாக்கிற. ஒருத்தருக்கு குத்தின உடன வேலை செஞ்சது மத்தவருக்கு டிரைவர் (சாமான மெஷினுக்கு விளங்க வைக்கிற மென்பொருள்) தேடி ராவெல்லாம் முழிக்க வைக்கிறதும் இதாலதான். அதனால சாமான விட, அத எங்க குத்தினன், எப்பிடி குத்தினன் எண்டதத்தான் கூட எழுதப்போறன்.

மகள் உயர்தரம் படிக்கிறா, பாதி கிளாஸ் ஸூம்லதான். போன பாத்துப் பாத்து கண் நோகுது எண்டு ஒரே முறைப்பாடு, அதுக்காக ரீகண்டிஷன் டெஸ்க்டொப் ஒண்டு எடுத்தம். ஒபிஸ் எதுலயோ பாவிச்சுக் கழிச்ச மெஷின், ஐ5 நாலாம் ஜெனரேஷன், 8 ஜிபி ரெம், விலைக்கு நல்ல சாமான். வீட்ட கொண்டுவந்து வச்சு ஓன் பண்ணினாத்தான் தெரியுது அதுல வைஃபையே இல்ல. ஒபிஸ்கள்ல எல்லாம் லேன் வயர்தானே, அந்த மெஷின்கள் கனக்க வைஃபை கார்ட் இல்லாமத்தான் வரும், வாங்கக்குள்ள கேக்காம விட்டது என்ட பிழை. எங்கட ஃபைபர் ரவுட்டர் முன் ஹோல்ல, மகள்ட மேசை பின்னறையில, நடுவுல ரெண்டு சுவர், ஒரு இரும்பு அலுமாரி. லேன் வயர் இழுத்தா இவ்வளவு கதையும் வராது, அது எனக்கும் தெரியும், ஆனா போன வருசம் பெயின்ட் அடிச்ச சுவர்ல ஓட்டை போட அம்மா விடவேயில்ல.

மட்டக்களப்பு டவுன்ல திருமலை வீதியில ஒரு கடைக்குப் போனன். ஒரு விசயம், கடையில போய் டொங்கல் தாங்க எண்டு கேட்டா சிம் போடுற டொங்கலத்தான் எடுத்து நீட்டுவாங்க, வைஃபை ரிசீவர் எண்டு கேளுங்க. மலிவானது காணும் எண்டு நினைச்சு நகம் அளவு குட்டிச் சாமான் ஒண்ட 1450 ரூபாய்க்கு எடுத்தன். பெட்டியில 150 எம்பிபிஎஸ் எண்டு பெருசா போட்டிருந்திச்சு. எங்கட ஃபைபர் 100, இது 150, பிறகென்ன எண்டு நானும் சந்தோசமா வந்தன்.

வீட்ட வந்து குத்தினா ஒண்டுமில்ல. பெட்டிக்குள்ள மூணு இஞ்சில ஒரு குட்டி சிடி, அதுக்குள்ளதான் டிரைவர், மெஷின்ல சிடி டிரைவ்ட வாய் திறக்கவே மாட்டன் எண்டுது. டிரைவர இறக்க இன்டர்நெட் வேணும், இன்டர்நெட் வர டிரைவர் வேணும், கிணத்துக்க விழுந்த வாளிய எடுக்க வாளி தேடின மாதிரி. கடைத் தம்பிக்கு கோல் எடுத்தன். "அண்ணன், போன வயர்ல கொழுவி யூஎஸ்பி டெதரிங் போடுங்க, மெஷினுக்கு நெட் வரும், மறுகா விண்டோஸ் அப்டேட் தானா தேடி எடுக்கும்" எண்டான். அப்பிடியே செஞ்சன், அஞ்சு நிமிசத்தில டிரைவர் ஏறிற்று, கீழ மூலையில வைஃபை அடையாளம் வந்திச்சு. 1450 ரூபா சாமான விட அந்த ஒரு கோல் பெறுமதி. எந்தக் கொம்பியூட்டர்ல வைஃபை வேலை செய்யாட்டியும் இத ஞாபகம் வச்சிருங்க, போன் ஒண்டும் சார்ஜ் வயர் ஒண்டும் இருந்தா அந்த நேரத்துக்கு நெட் இருக்கு.

பாஸ்வேர்ட் கதைய சுருக்கமா சொல்றன். ரவுட்டருக்கு அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல பூச்சியமா ஓ எழுத்தா எண்டு தெரியாம நாலு தரம் அடிச்சுப் பிழைச்சன். போன்ல வைஃபை செட்டிங்குக்குள்ள போனா ஷெயார் எண்டு கியூஆர் ஒண்டு வரும், கனக்க போன்கள்ல அதுக்குக் கீழயே பாஸ்வேர்டும் எழுத்தில காட்டும். அங்க பாத்து அடிச்சா சரி.

இனித்தான் உண்மையான வயித்தெரிச்சல். கனெக்ட் ஆகிற்று, சிக்னல் ரெண்டு கோடு, யூடியூப் ஓடுது, ஸூம் ஓடுது, ஆனா மகள் பழைய பாடங்கள ஹார்ட் டிஸ்க்ல இருந்து கொப்பி பண்ணத் தொடங்கினா மட்டும் நெட் செத்துப்போகுது. நான் முதல்ல மெஷின் காணாது எண்டு நினைச்சன், பிறகு வைரஸ் எண்டு நினைச்சன், பிறகு ஃபைபர் கொம்பனிக்கு ஏசினன். ஒண்டுமே இல்ல. மெஷினுக்குப் பின்னால நீல நிற யூஎஸ்பி ஓட்டை ரெண்டு பக்கத்தில பக்கத்தில இருக்கு, ஒண்டில ஹார்ட் டிஸ்க், மத்ததுல இந்தக் குட்டி ரிசீவர். யூஎஸ்பி 3.0ல தரவு பாயக்குள்ள அந்த வயரும் பிளக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், இத இன்டெல் கொம்பனியே 2012ல அறிக்கையா எழுதி வச்சிருக்கு. இந்தக் குட்டி ரிசீவர்ட வைஃபையும் அதே 2.4லதான். காதுக்குள்ள உரல் இடிக்கக்குள்ள ஆரோ தூரத்தில நிண்டு கதைச்சா என்ன விளங்கும்? அதோட மெஷின்ட பின்பக்கம் முழுக்க தகரம், அது சுவரோட ஒட்டி நிக்குது, ரவுட்டர் இருக்கிறது மற்றப் பக்கம்.

ஒன்றரை மீட்டர்ல யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் ஒண்டு வாங்கினன், 350 ரூபா. ரிசீவர அதுல கொழுவி மேசைக்கு மேல, புத்தக அடுக்குக்கு அங்கால கொண்டுபோய் வச்சன். சிக்னல் ரெண்டு கோட்டுல இருந்து மூணுக்கு வந்திச்சு, வேகம் 12ல இருந்து 30க்குக் கிட்ட வந்திச்சு, ஹார்ட் டிஸ்க் ஓடினாலும் நெட் அசையல்ல. வேற ஒண்டும் செய்யல்ல, வயர் மட்டும்தான். புது ரிசீவர், புது ரவுட்டர், சிக்னல் கூட்டுற பெட்டி எண்டு காசு கொட்ட முதல் இந்த 350 ரூபாய செலவழிச்சுப் பாருங்க.

அடுத்தது, ஒரு இருவது நிமிசம் ஆளில்லாம விட்டா வைஃபை கழண்டுரும். இதுவும் ரிசீவர்ட பிழையில்ல, விண்டோஸ் கரண்ட் மிச்சம் பிடிக்கிறன் எண்டு அத நித்திரையாக்கிறது. டிவைஸ் மெனேஜருக்குள்ள போய், நெட்வேர்க் அடப்டர்ஸ விரிச்சு, ரிசீவர்ட பேர்ல ரெண்டு தரம் தட்டி, பவர் மெனேஜ்மென்ட் எண்ட இடத்தில முதல் சரிய எடுத்துவிடுங்க. அதோட நிண்டிச்சு.

ஒரு நாள் பின்னேரம் கனெக்டட் எண்டு காட்டுது, ஆனா இன்டர்நெட் இல்ல. "மனே, உள்ளுக்க இந்தப் புள்ள கத்துறாள், வந்து பாரன்" எண்டு அம்மா கூப்பிட, இந்த நேரத்தில கொம்பனிக்கு கோல் எடுத்து அரை மணித்தியாலம் பாட்டு கேக்கிறதுக்கு முதல் ஒரு சோதனை செஞ்சு பாப்பம் எண்டு இருந்தன். கொமாண்ட் ப்ரொம்ட் எண்ட கறுப்பு விண்டோவத் திறந்து ஐபிகொன்ஃபிக் அடிச்சா ஐபி நம்பர் 169.254 எண்டு தொடங்குது. இது என்னெண்டா, வழமையா ஒவ்வொரு போனுக்கும் மெஷினுக்கும் ரவுட்டர்தான் நம்பர் குடுக்கும், எங்கட வீட்டுல 192.168.1 எண்டு தொடங்கும். ரவுட்டர் குடுக்காட்டி விண்டோஸ் தானே ஒரு நம்பர போட்டுக்கொண்டு குந்தியிருக்கும், அந்த நம்பர்தான் 169.254. அப்ப பிழை வீட்டுக்குள்ளயே, ரவுட்டருக்கும் மெஷினுக்கும் நடுவுல. வெளியில வார ஃபைபர்ல இல்ல. ரவுட்டர ஓஃப் பண்ணி அரை நிமிசம் விட்டுப் போட்டன், நம்பர் சரியா வந்திச்சு, நெட்டும் வந்திச்சு.

நம்பர் சரியா இருந்தும் நெட் இல்லாட்டி, அதே கறுப்பு விண்டோல பிங் அடிச்சு 192.168.1.1 போடுங்க, உங்கட ரவுட்டர்ட நம்பர் வேறயா இருக்கவும் கூடும், ஐபிகொன்ஃபிக்ல கேட்வே எண்ட வரியில இருக்கிறதுதான் அது. ரவுட்டர் மறுமொழி சொன்னா அடுத்து பிங் 8.8.8.8, அது கூகிள்ட. ரவுட்டர் கதைக்குது, கூகிள் கதைக்குதில்ல எண்டா அப்பதான் கொம்பனிக்கு கோல் எடுக்கிற நேரம். ரெண்டும் கதைக்குது ஆனா ஒரு வெப்சைட்டும் திறக்குதில்ல எண்டா பிழை டிஎன்எஸ்ல, அதான் வெப்சைட் பேர நம்பரா மாத்திற சேவையில, வைஃபை செட்டிங்குக்குள்ள 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டா அனேகமா சரிவரும். இவ்வளவும் பாத்துட்டு கோல் எடுத்தா, "சேர் ரவுட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" எண்டுற முதல் பத்து நிமிசம் மிச்சம்.

சொல்ல வெக்கமான ஒண்டும் இருக்கு. மாரி தொடங்கினா மின்னலுக்குப் பயந்து எல்லா பிளக்கையும் கழட்டி வைக்கிறது எங்கட வீட்டு வழக்கம். அப்பிடி கழட்டி வச்சுட்டு விடிய போட்டா ஒரு வெப்சைட்டும் திறக்காது, பாதுகாப்பில்லாத இணைப்பு எண்டு சிவப்புல காட்டுது. ரெண்டு நாள் ரிசீவர கழட்டிக் கழட்டிக் குத்தினன். மனிசிதான் கண்டு பிடிச்சா, "இஞ்ச பாருங்க, இதுல வருசம் 2014 எண்டு இரிக்கு". மெஷினுக்குள்ள மணிக்கூட்டுக்கு இருக்கிற பெட்டரி செத்துப்போச்சு, பிளக் கழட்டினா திகதி பின்னுக்குப் போயிரும், திகதி பிழைச்சா வெப்சைட்ட பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது எண்டு பிரவுசர் நினைக்கும். சிஆர் 2032 எண்டு கேட்டா மணிக்கூட்டுக் கடையிலயே தருவாங்க. வைஃபைக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்ல.

சரி, இவ்வளவும் செஞ்சும் இரவு ஏழுல இருந்து பத்து மட்டும் ஸூம் வெட்டி வெட்டித்தான் வந்திச்சு. போன்ல வைஃபை அனலைசர் ஒண்ட போட்டுப் பாத்தா எங்கட பின்னறைக்குள்ள ஒம்பது வீட்டு வைஃபை தெரியுது, பாதிப்பேர் 6ஆம் சேனல்ல, நாங்களும் அதுல. 2.4ல ஒண்டோட ஒண்டு முட்டாத சேனல் 1, 6, 11 மட்டும்தான், 3 சும்மா கிடக்கு எண்டு அதுல போட்டா ரெண்டு பக்கமும் இடிபடும். 11க்கு மாத்தினன், கொஞ்சம் பரவாயில்ல, ஆனா தீரல்ல. கல்லடிப் பாலம் ஞாபகம் இருக்குதானே, 2013ல புதுப்பாலம் திறக்க முதல் அந்தப் பழைய பாலத்தில ஒரு பக்கம் விட மற்றப் பக்கம் காத்து நிண்டது. 2.4 எண்டுறது அந்தப் பழைய பாலம். 5 கிகாஹெர்ட்ஸ்தான் புதுப்பாலம். ஆனா என்ட 1450 ரூபா சாமானுக்கு 5 தெரியவே தெரியாது, லிஸ்ட்ல பேரே வராது. போன்ல ரெண்டு பேர் வருது, மெஷின்ல ஒண்டுதான் வருது எண்டா காரணம் இதுதான், மெஷின் பழுதில்ல.

ஆக ரெண்டாவது ரிசீவர், டுவல் பேண்ட், அதாவது 2.4உம் 5உம் பிடிக்கிறது, ரெண்டு அன்டெனாக் கொம்பு வச்சது, 3900 ரூபா, ஒரு வருச வொரண்டி. பெட்டியில 1300 எண்டு போட்டிருக்கும், அத நம்பி ஏமாறாதீங்க, 2.4ல 400, 5ல 867, ரெண்டையும் கூட்டி மேல தள்ளி எழுதினது, ஒரு நேரத்தில ஒண்டுலதான் ஓடும், அதுலயும் உண்மையா கிடைக்கிறது பாதி எண்டாலும் பெரிய காரியம். கூடவே மேசையில வைக்கிற வயரோட ஸ்டாண்ட் ஒண்டும் தந்தாங்க, நல்ல விசயம், இத எல்லாக் கொம்பனியும் தரணும். டிரைவர் இந்த முறை சாமானுக்குள்ளயே, குத்தின உடன சிடி மாதிரி ஒண்டு தெரிஞ்சிச்சு, அதுக்குள்ள இருந்த செட்டப்ப தட்ட ஏறிற்று.

5ல ஒரு குறை, சுவர் தாண்ட கஸ்டப்படும். முதல் நாள் பின்னறையில 5 வந்து வந்து போச்சு. அந்த இரும்பு அலுமாரிதான் குறுக்க நிக்குது எண்டு விளங்கி, அலுமாரிய தள்ள ஏலாது, அதுக்குள்ள அம்மாட அரைவாசிச் சீவியம் கிடக்கு, ரவுட்டரத்தான் டிவிக்குப் பின்னால இருந்து எடுத்து மேல தட்டுக்கு ஏத்தினன். ஃபைபர் வயர இழுத்து மடக்கிராதீங்க, அது செம்புக் கம்பியில்ல, கண்ணாடி. இப்ப பின்னறையில 65, 70 அளவில வருது, இரவு எட்டு மணிக்கும் அதேதான். ரெண்டு மாசமா ஒரு கிளாஸும் வெட்டல்ல. குறை சொல்றதெண்டா சாமான் நல்லா சூடாகுது, கை வைக்க ஏலாத அளவுக்கு இல்ல, ஆனா சூடு. கொம்பு ரெண்டும் கொஞ்சம் லூஸ், மேசைய துடைக்கக்குள்ள சாஞ்சிரும்.

ஆரு எத வாங்கலாம் எண்டா, ரவுட்டர் அதே அறையில, பக்கத்து வீடுகள் தூர, சும்மா பிரவுசிங் எண்டா குட்டிச் சாமானே காணும். டவுனுக்குள்ள, வீட்டோட வீடு ஒட்டின இடத்தில, காத்தான்குடி மாதிரி இடங்கள்ல, டுவல் பேண்ட் இல்லாம வாங்காதீங்க. புது ரவுட்டர் எடுத்தவங்க டபிள்யூபிஏ3 எண்ட புது வைஃபை பாதுகாப்பு முறை மட்டும் எண்டு பூட்டி வச்சிருந்தா பழைய ரிசீவர் பாஸ்வேர்ட் சரியா அடிச்சாலும் ஏறாது, ரவுட்டர்ல டபிள்யூபிஏ 2உம் 3உம் சேர்ந்ததுக்கு மாத்துங்க. மெஷின் எங்கட மாதிரி நாலாம் ஜெனரேஷன் எண்டா விண்டோஸ் 11 முறையா ஏறாது, 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட ஆதரவ நிப்பாட்டிற்று, ரிசீவர் வேலை செய்யுது, பேங்க் அலுவல் மட்டும் அதுல பாக்காதீங்க.

குட்டிச் சாமான திருக்கோவில்ல இருக்கிற மச்சானுக்குக் குடுத்திட்டன், அவன்ட ரவுட்டர் மேசைக்கு மேலயே, நல்லா ஓடுதாம். எக்ஸ்டென்ஷன் வயரையும் கேட்டான். அத மட்டும் குடுக்கல்ல.