சீனம் பேசும் மாணவருக்கு ஆங்கிலப் பயிற்சி: சொல் செயலியா, பழைய வினாத்தாளா, எளிய கதைப் புத்தகமா?

மூன்று வருடமாக மாலை நேரங்களில் சீன மாணவர்களுக்கு இணையம் வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கோவையில் எனக்கு ஏழு மணி ஆகும்போது செங்டுவில் அவர்களுக்கு ஒன்பதரை. இதுவரை ஒன்பது பேர். எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே கவலை: சி.இ.டி. நான்கு. சீனக் கல்லூரி மாணவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு அது. 1987 முதல் நடக்கிறது; ஜூனிலும் டிசம்பரிலும் எழுதலாம். மொத்தம் 710 மதிப்பெண். 425 வாங்கிவிட்டால் தேறியதாகக் கணக்கு. வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 35 சதவீதம், அதற்குக் கிடைப்பது 40 நிமிடம்.

புதிதாக வரும் ஒவ்வொருவரும் முதல் வகுப்பிலேயே கேட்பது, "லாவ்ஷி, எதை வைத்துப் பயிற்சி செய்வது?" என்றுதான். லாவ்ஷி என்றால் ஆசிரியர். அவர்கள் கையில் மூன்று வழிகள் இருக்கும். ஒன்று, கைப்பேசியில் சொல் மனப்பாடம் செய்ய வைக்கும் செயலி. இன்னொன்று, பழைய வினாத்தாள்களும் தவறுகளை எழுதிவைக்கும் நோட்டும். மூன்றாவது, சொல் அளவு கட்டுப்படுத்தி எழுதிய எளிய கதைப் புத்தகங்கள். முதல் வருடம் நான் இரண்டாவது வழியில்தான் நடத்தினேன். பிறகு மூன்றாவதுக்கு மாறினேன், இன்னும் அதிலேயே இருக்கிறேன். அதனால் இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மூன்றுமே மலிவு. செயலிகளில் அடிப்படைப் பயன்பாடு பெரும்பாலும் இலவசம், வினாத்தாள் தொகுப்பு எந்தக் கல்லூரி வாசல் கடையிலும் கிடைக்கும், கதைப் புத்தகத்தை நூலகத்தில் எடுக்கலாம்.

செயலிகளுக்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும். முன்பு சொல் பட்டியல் புத்தகங்களை அகர வரிசையில் படிப்பார்கள். முதல் பக்கத்திலேயே 'அபாண்டன்' என்ற சொல் வரும், கைவிடு என்று பொருள். அதோடு புத்தகத்தையே கைவிட்டவர்கள் ஏராளம் என்பது சீன மாணவர்களிடையே பழகிப்போன பேச்சு. செயலிகள் அந்த வரிசையை உடைத்தன. செங்டுவில் உருவான பைட்ஸஜான் போன்றவை படத்தைக் காட்டிச் சொல்லைக் கேட்கின்றன. மற்றவை மறக்கும் நேரம் பார்த்துச் சொல்லைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885ல் வெளியிட்ட மறதி ஆய்வை என் மாணவர்கள் எல்லாருமே பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். அவ்வளவு தூரம் அது அங்கே பொதுப்புத்தியில் இறங்கியிருக்கிறது. பேருந்தில் நின்றுகொண்டே 20 சொல் பார்த்துவிடலாம் என்பதும் உண்மை.

ஆனால் அந்தச் சொல் வாக்கியத்துக்குள் எப்படி நிற்கும் என்பதைச் செயலி சொல்லித் தருவதில்லை. சீனத்தில் வினைச்சொல் உருமாறாது. நான் போகிறேன், அவள் போகிறாள், நேற்றுப் போனேன், எல்லாவற்றுக்கும் 'ச்சுய்' என்ற ஒரே சொல். காலத்தைக் காட்ட 'நேற்று' என்ற சொல்லோ 'ல' என்ற ஒட்டோ போதும். பன்மைக்கும் பெயர்ச்சொல் மாறாது. அப்படிப்பட்ட மொழியிலிருந்து வருபவருக்கு 'கோ' என்றால் போ என்று தெரிவது பாதிக் கிணறுகூடத் தாண்டியதாகாது. 'கோஸ்', 'வென்ட்', 'கான்' மூன்றும் எங்கே வரும் என்பதுதான் அவருக்குப் பாடம். விதியைக் கேட்டால் ஒப்பிப்பார். எழுதச் சொன்னால் 'ஷீ கோ' என்று எழுதுவார். விதி தெரியாமல் இல்லை, கை பழகவில்லை.

வினாத்தாள் வழி இதைவிட எவ்வளவோ மேல். உண்மைத் தேர்வில் வந்த தாளை அவர்கள் 'ஜென்-தி' என்பார்கள், அசல் கேள்வி என்று பொருள். தனியார் தயாரிக்கும் மாதிரித் தாளைவிட அதற்கு மதிப்பு அதிகம், அது சரியும்கூட. வாசிப்புப் பகுதியின் முதல் பிரிவையே பாருங்கள். ஒரு பத்தியில் 10 கோடிட்ட இடம், கீழே 15 சொல். முதலில் அந்தப் பதினைந்தையும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். எந்த இடத்தில் எந்த வகைச் சொல் நிற்கும் என்பது முழுக்க இலக்கணம், எந்தச் சொல் என்பது பொருள். இலக்கணமும் சொல்லும் வாசிப்பும் ஒரே பத்தியில் சேர்ந்து வருகிற இப்படிப்பட்ட பயிற்சியை நான் மனமார மதிக்கிறேன்.

குறை வேறு இடத்தில். தாளை எழுதி முடித்ததும் தவறிய கேள்விகளை 'ட்ஸ்வோ-தி-பென்' என்ற தவறு நோட்டில் எடுத்து எழுத வேண்டும். பள்ளியிலிருந்தே வரும் பழக்கம் இது. கறுப்பில் கேள்வி, சிவப்பில் சரியான விடை, நீலத்தில் காரணம் என்று என் மாணவி ஒருத்தி அச்சடித்ததுபோல் எழுதுவாள். ஒரு தாளுக்கு 40 நிமிடம் எழுதுவதிலேயே போகும். அந்த நோட்டை மறுபடி திறந்தாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வழியில் அவளை நடத்தியது நான்தான். அப்புறம், வினாத்தாளுக்கு ஒரு முடிவும் இருக்கிறது. இரண்டாம் முறை எழுதும்போது விடை நினைவுக்கு வந்துவிடுகிறது. அது வாசிப்பாகாது.

இனி நான் தேர்ந்தெடுத்த வழி. சீனத்தில் தீவிர வாசிப்பை ஜிங்-டூ என்பார்கள், எளியதை நிறையப் படிக்கும் பரந்த வாசிப்பை ஃபான்-டூ என்பார்கள். அவர்கள் பள்ளி வாழ்க்கை முழுக்க முதலாவதுதான்: அரைப் பக்கப் பத்தி, ஒரு மணி நேரம், ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் பென்சிலால் சீன எழுத்து. இரண்டாவதுக்கு நேரமே கிடைத்திருக்காது. ஆக்ஸ்ஃபோர்டின் புக்வோர்ம்ஸ் வரிசையைச் சீனாவில் 'ஷு-சோங்', அதாவது புத்தகப்புழு, என்ற பெயரில் ஆங்கிலமும் சீனமுமாக வெளியிட்டிருக்கிறார்கள், கிட்டத்தட்ட எல்லாருக்கும் தெரிந்த வரிசை. முதல் நிலையில் 400 தலைச்சொற்கள் ('கோ', 'கோஸ்', 'வென்ட்' எல்லாம் சேர்ந்து ஒரே சொல்லாகக் கணக்கு), அடுத்தடுத்து 700, 1000, 1400, 1800, ஆறாம் நிலையில் 2500. கல்லூரி மாணவரிடம் 700 சொல் புத்தகத்தைக் கொடுத்தால் முதலில் முகம் சுருங்கும். தன்னைக் குழந்தையாக நினைக்கிறார் லாவ்ஷி என்று தோன்றும். இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வேன்.

ஏன் அவ்வளவு எளிதாக? ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ல் சொன்ன கணக்கு இது: துணையின்றி ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள அதில் ஏறத்தாழ 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிது. 250 சொல் கொண்ட பக்கத்தில் ஐந்து. 95 சதவீதம் என்றால் பக்கத்துக்குப் பன்னிரண்டு. கேட்க அதிக வித்தியாசமாகத் தெரியாது. படித்துப் பார்த்தால் தெரியும், பன்னிரண்டு இடத்தில் தடுக்கினால் கதை கையை விட்டுப் போய்விடும்.

இங்கே தமிழ் பேசுபவனாக எனக்கு ஒரு வசதி இருக்கிறது. 'வீட்டை விற்ற ஆள்' என்கிறோம். விவரம் முன்னால், ஆள் பின்னால். சீனத்திலும் அப்படியே: 'மாய் ஃபாங்-ட்ஸ த ரென்', விற்ற, வீடு, ஒட்டு, ஆள். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுவான், 'தி மேன் ஹூ சோல்ட் தி ஹவுஸ்'. அதனால் சீன மாணவரின் கண் வாக்கியத்தின் கடைசிவரை போய், விவரத்தைப் பிடித்து, மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பி வந்து மனதுக்குள் வரிசையை மாற்றுகிறது. நானும் பதினாறு வயதுவரை அப்படித்தான் படித்தேன். 40 நிமிடத்தில் முடிக்க வேண்டிய வாசிப்புப் பகுதியில் நேரம் கரைவது பெரும்பாலும் இந்தத் திரும்பலில்தான் என்பது என் கணிப்பு. கடினமான பத்தியை வைத்து இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் அங்கே திரும்பித்தான் ஆக வேண்டும். சொல்லெல்லாம் தெரிந்த எளிய வாக்கியத்தை நூற்றுக்கணக்கில் படிக்கும்போதுதான் வந்த வரிசையிலேயே பொருள் ஏற ஆரம்பிக்கிறது.

இலக்கணத்துக்கு நான் சேர்த்துக்கொண்டது ஒரு சின்ன வேலை. படித்து முடித்த பக்கம் ஒன்றை எடுத்து, அதில் 'ஏ', 'தி' எல்லாவற்றையும், வினைச்சொற்களின் ஈற்றையும் அழித்துவிட்டு மாணவருக்கு அனுப்புவேன். அவர் நிரப்புவார், புத்தகத்தை வைத்து அவரே திருத்துவார். கதை தெரிந்ததால் பொருளில் குழப்பம் இல்லை, கவனம் முழுக்க வடிவத்தில் நிற்கும். பத்து நிமிட வேலை. இருமொழிப் பதிப்பு என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை: சீனப் பகுதியைத் தாளால் மூடிவைக்கச் சொல்லுங்கள். கண் தாய்மொழிக்கு ஓடுவதை யாராலும் தடுக்க முடியாது.

இதெல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் என்னை மாற வைத்தது வேறு. நடுவில் நாலு நாள் விட்டுப்போனால் என்ன ஆகும்? மூன்று வழிகளையும் இந்த ஒரு கேள்வியில் உரசிப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

செயலியில் ஒரு நாளைக்கு 30 புதிய சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனாவில் பரவலாகப் பின்பற்றும் அட்டவணைப்படி ஒரு சொல்லை 1, 2, 4, 7, 15ஆம் நாட்களில் திருப்பிப் பார்க்க வேண்டும். ஐந்து முறை. கொஞ்ச நாளில் தினமும் 150 பழைய சொல், அதோடு 30 புதிது. ஓடிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. வசந்த விழாவுக்கு ஊருக்குப் போவார்கள், அல்லது கல்லூரியில் மற்றப் பாடங்களின் தேர்வு வரும். நாலு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் திறந்தால் 300க்கும் மேற்பட்ட சொற்கள் வரிசையில் நிற்கும், கடன்காரர்கள் வாசலில் நிற்பதைப் போல. ஒரு மாணவன் அந்த எண்ணைத் திரையில் பார்த்துவிட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். அதற்குப் பிறகு அந்தச் செயலியை அவன் திறக்கவில்லை. தொடர் நாள் எண்ணிக்கை அறுந்தால் மனசும் அறுந்துவிடுகிறது.

தவறு நோட்டும் அதே ரகம். எழுத வேண்டிய தாள்கள் சேர்ந்துகொண்டே போகும், நோட்டு பின்தங்கும். கதைப் புத்தகத்தில் கடன் சேராது. 43ஆம் பக்கத்தில் விட்டால் 43ஆம் பக்கத்திலேயே காத்திருக்கும். ஒரு பக்கம் பின்னால் போய்ப் படித்துக்கொண்டால் கதை மறுபடி பிடிபடும். மறந்த சொல் வேறொரு வாக்கியத்தில் தானாகவே திரும்பி வரும், 700 சொல்லுக்குள்தானே எல்லாம் சுற்றுகிறது. அடிக்கடி வரும் சொற்களுக்குத் திருப்புதல் அட்டவணையைப் புத்தகமே உள்ளுக்குள் வைத்திருக்கிறது, யாரும் அதைப் பராமரிக்க வேண்டியதில்லை. பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகளின் ஒழுங்கற்ற வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

பலன் கிடைத்ததா என்றால், அந்த மூவண்ணப் பேனா மாணவி முதல் முறை 398 வாங்கினாள். எட்டு மாதம் கதைகள் படித்து, கடைசி ஆறு வாரம் வினாத்தாளும் எழுதி, இரண்டாம் முறை 451. எதனால் எவ்வளவு கூடியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்பது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வருவதும் தவறு. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. 'ஏ', 'தி' சிக்கல் இந்த வழியில் குறைந்தது, தீரவில்லை. தமிழிலும் அந்த இரண்டுக்கும் நேர் சொல் இல்லாததால் எனக்கே சில இடங்களில் காதால் கேட்டுப் பார்த்துத்தான் சொல்ல வருகிறது. கேட்டல் பகுதிக்கு இன்னொரு 35 சதவீதம் இருக்கிறது, அதற்கு இந்தப் புத்தகங்களின் ஒலிப்பதிவு உதவும் என்று நினைக்கிறேன், ஆனால் அதை ஒழுங்காகச் செய்து பார்த்தவர்கள் என்னிடம் இருவர்தான்.

தேர்வுக்கு இரண்டே மாதம் இருக்கிறது என்று வருபவரிடம் கதைப் புத்தகத்தை நீட்ட மாட்டேன். அவருக்கு ஜென்-தி தான், வாரம் இரண்டு தாள், தவறு நோட்டில் முழுக் கேள்வியை எழுதாமல் தவறிய வாக்கியத்தை மட்டும். ஆனால் இந்த வாரம் வந்து சேர்ந்த பையனுக்கு அடுத்த ஜூன்தான் தேர்வு. செயலியை அழிக்க வேண்டாம், பேருந்தில் பார்த்துக்கொள், நாளுக்கு 10 சொல்லுக்கு மேல் வைக்காதே என்றேன். இரண்டாம் நிலைப் புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்துவிட்டான். வியாழக்கிழமை வகுப்புக்கு முன் முதல் அத்தியாயத்தை முடித்திருக்க வேண்டும்.