ஒரே ஸ்டாஃப் ரூம், இரண்டு ஓய்வூதியம்

2003 ஏப்ரல் 1. தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்களை இரண்டாகப் பிரித்த தேதி இது.

அதற்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். 30 வருட சர்வீஸ் இருந்தால் கடைசி ஊதியத்தில் பாதி, மாதாமாதம். அகவிலைப்படி ஏறினால் அதுவும் ஏறும். அவர் காலத்துக்குப் பின் குடும்ப ஓய்வூதியம். சம்பளத்தில் பிடிப்பது ஜிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதி. மகள் கல்யாணம் என்றால் அதிலிருந்து கடன் எடுக்கலாம்.

பின்னால் சேர்ந்தவருக்கு 2025 வரை சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் இருந்தது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தம். அரசும் அதே அளவு போட்டது. சம்பளப் பட்டியலில் அந்தப் பிடித்தம் மாதம் தவறாமல் வந்தது, அவசரத்துக்கு அந்தப் பணத்தில் கைவைக்கத்தான் முடியவில்லை. ஓய்வு பெறும்போது மொத்தமாக ஒரு தொகை. மாத ஓய்வூதியம் என்று சிபிஎஸ் விதியில் எதுவும் இருக்கவில்லை. மருந்துச் செலவு மொத்தமாகவா வருகிறது?

வேலையில் மட்டும் இந்தக் கோடு காணாமல் போய்விடுகிறது. எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு, வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாக அலைவது, தேர்தல் பணி, விடைத்தாள் திருத்தம் எல்லாம் இருவருக்கும் பொது. சொல்லப்போனால், செல்போனில் பதிவேற்றும் வேலை "நீங்க போட்டுருங்க சார்" என்று வயதில் இளைய சிபிஎஸ் ஆசிரியர் தலையில்தான் விழுகிறது.

பழைய திட்டம் கஜானாவுக்குச் சுமை என்பது உண்மைதான். வேலையில் சேர்ந்த தேதி பார்த்து அந்தச் சுமையை ஒருவர் தோளில் மட்டும் இறக்கியதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.