மரைன் டேங்க் பேக்கேஜ்: ஒன்பது நாளில் ஆறு உயிர் போனது எப்படி

சென்னையில் ஒரு கடை 24,500 ரூபாய்க்கு ‘மரைன் ஸ்டார்ட்டர் பேக்கேஜ்’ விற்கிறது. வாங்கிய வீட்டில் ஒன்பதாம் நாள் தொட்டி காலி. “தண்ணி இன்னும் செட் ஆகல சார், மரைன்னா முதல்ல கொஞ்சம் சாகும்” என்பது கடைக்காரர் சொன்ன காரணம். ஆறாம் நாள் சோதனைக் கிட்டுகளோடு போய் அளந்து பார்த்ததில், இந்தச் சாவுகளில் ஒன்றுகூட விதிப்படி வந்ததல்ல என்று தெரிந்தது. கலங்கலுக்கு மருந்து என்று கொடுத்த பாட்டில்களுக்கும் அதில் பங்கு உண்டு. வேறு கடைகளும் இதே கணக்கில்தான் பேக்கேஜ் போடுகின்றன. அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

பேக்கேஜில் இருந்தவை: இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினைந்து அங்குல உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, மேல் ஃபில்டர், நீல-வெள்ளை எல்.இ.டி., லேபிள் இல்லாத பாலித்தீன் பையில் இரண்டேகால் கிலோ ‘மரைன் சால்ட்’, ஐந்து கிலோ மணல், கொஞ்சம் கல், ஒரு பாட்டில் பாக்டீரியா. உயிர்கள்: இரண்டு நீமோ (கோமாளி மீன்), இரண்டு டாம்செல், ஒரு நீல டாங், ஒரு கிளீனர் இறால். மணலும் கல்லும் போக அந்தத் தொட்டியில் நிற்பது சுமார் 60 லிட்டர். நீல டாங் ஓரடி வரை வளரும் மீன். ஆறடித் தொட்டியே அதற்குக் குறைந்தபட்சம். 60 லிட்டர் தொட்டிக்கு அதைக் கட்டிக் கொடுப்பவர் மற்றதில் எப்படி நடந்துகொள்வார் என்று அங்கேயே புரிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் தண்ணீர் நிரப்பி, உப்புப் போட்டு, பாக்டீரியா ஊற்றினார்கள். மறுநாள் மாலையே மீன்களை விட்டார்கள். மூன்றாம் நாள் காலை இறால் செத்தது, நான்காம் நாள் டாங். அன்றே தண்ணீர் பால் கலந்ததுபோல ஆனது. ஆறாம் நாள் விடியலில் டாம்செல் இரண்டும் போயின. நீமோக்கள் எட்டு, ஒன்பதாம் நாள்களில்.

முதலில் உப்பு. ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டியது, சரியான அளவுதான். ஆனால் ஹைட்ரோமீட்டருக்குத் தெரிவது தண்ணீரின் கனம் மட்டும். கரைந்திருப்பது என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. கடல்நீரில் கால்சியம் 400 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்) மேல், மக்னீசியம் 1,300-ஐ ஒட்டி, கேஎச் (அமில-கார அளவான பிஎச்-ஐ இறங்காமல் தாங்கும் கார்பனேட் அளவு) 7 முதல் 8 வரை இருக்கும். இந்தத் தொட்டியில் கால்சியம் 60, மக்னீசியம் 140, கேஎச் 1. பையில் இருந்தது அரைத்த கல்லுப்பு. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதல் பாத்திகளிலேயே படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு உப்பு விளையும். மக்னீசியம் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். ஆகவே கல்லுப்பை மறுபடி தண்ணீரில் கரைத்தால் கடல் திரும்பி வராது. கடல்மீன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் உயிர். சோடியம் குளோரைடு மட்டும் உள்ள நீர், கனம் சரியாக இருந்தாலும், அதற்கு விஷம்தான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் 36 கிராம் உப்பைக் கரைத்து ஒரு தம்ளர் எடுங்கள். சலவைச் சோடா (ஆப்பசோடா அல்ல) அரை ஸ்பூனைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து அதில் ஊற்றுங்கள். உண்மையான மரைன் சால்ட் என்றால் உடனே தயிர் உடைந்ததுபோல வெள்ளையாகத் திரியும். கல்லுப்பு என்றால் தெளிவாகவே நிற்கும், மிஞ்சினால் லேசாக மங்கும். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். “ஆர்.ஓ. தண்ணி போதும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த ஆர்.ஓ. என்று கேட்கவில்லை. வீட்டு ஆர்.ஓ. பலவற்றில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) கண்ட்ரோலர் என்று ஒரு குழாய் இருக்கும். வடிகட்டிய நீரோடு கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடுவது அதன் வேலை. இப்போது வருகிற மாடல்களில் ‘காப்பர்’ கார்ட்ரிட்ஜும் சேர்ந்துகொண்டது. மனிதருக்கு அது நல்லதோ என்னவோ, இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு எமன். மீன் தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கே அவற்றுக்குப் போதும். இந்த வீட்டு ஆர்.ஓ.விலும் காப்பர் கார்ட்ரிட்ஜ் இருந்தது, சோதனைக் கிட்டில் நிறமும் ஏறியது. மெம்பிரேனில் இருந்து வெளியே வரும் குழாயிலேயே, மற்ற கார்ட்ரிட்ஜ்களுக்கு முன்பு, தண்ணீரைப் பிடியுங்கள். டிடிஎஸ் மீட்டர் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 10-க்குக் கீழே காட்டினால் எடுத்துக்கொள்ளலாம், பூஜ்யம் என்றால் உத்தமம்.

இறாலும் டாங்கும் அவ்வளவு சீக்கிரம் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதே கடையில் இருந்து வாங்கிவந்த ஒரு பைத் தண்ணீர் 1.017 காட்டியது. உப்புச் செலவு மிச்சம், ஒட்டுண்ணித் தொல்லையும் குறையும் என்று மொத்தக் கடைகளில் நீர்த்துப்போன தண்ணீரில்தான் மீனை வைத்திருப்பார்கள். அது தப்பில்லை, வாங்குபவரிடம் சொல்லாததுதான் தப்பு. உப்பு குறைந்தால் மீன் ஓரளவு சமாளிக்கும். ஏறினால் உடம்பில் இருக்கும் நீரை இழக்கும். 1.017-இல் இருந்து 1.025-க்கு அரை மணி நேரத்தில் மாற்றினால் அன்றிரவு நன்றாக இருப்பதுபோலத் தெரிந்து அடுத்த ஓரிரு நாளில் செத்துப்போகும். பைத் தண்ணீரை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகுவதை வைத்து உப்பளவு காட்டும் கருவி) அளந்து, வேறொரு சிறு தொட்டியை அதே அளவுக்கு வைத்து மீனை அதில் விட்டு, நாளுக்கு 0.001 முதல் 0.002 வரை ஏற்றிக்கொண்டு வருவதே வழி. இறால் இதைவிட மோசம், சிறு மாற்றத்தையே தாங்காது. ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் வைத்துச் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டிவிட்டால் மேலேயும் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது.

இனி கலங்கல். புதுத் தொட்டி கலங்குவது பல விதம், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஒரு கண்ணாடித் தம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து வையுங்கள். ஒரு நிமிடத்தில் தெளிந்தால் அது பம்ப் விடும் நுண்குமிழி. சில மணி நேரத்தில் அடியில் மாவாகப் படிந்தால் கழுவாத மணலின் தூசி, அல்லது உப்பு கலக்கும்போது திரிந்த சுண்ணாம்பு. அதில் வினிகரைத் தாராளமாக ஊற்றித் தெளிந்தால் சுண்ணாம்புதான். உப்பை வாளியில் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் இப்படித் திரியும். தண்ணீரைப் பம்பால் சுழலவிட்டு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். பச்சையாக இருந்தால் பாசி. புதுத் தொட்டியில் அது பின்னால் வருகிற தலைவலி. மறுநாள் வரைக்கும் படியாமல் மங்கலாகவே நின்றால் அது பாக்டீரியா பெருக்கம்.

இந்தத் தொட்டியில் வந்தது கடைசி ரகம். மீந்த தீனி, செத்த இறால், கல்லின் பொந்துகளில் காய்ந்து கிடந்த பழைய உயிர்களின் மிச்சம், இவற்றைத் தின்று ஒரு வகை பாக்டீரியா மணிக்கணக்கில் பெருகும். அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியா வேறு. அது கல்லிலும் மணலிலும் ஒட்டி, மெதுவாக வளரும். முதல் கூட்டம் நேரடியாக மீனைக் கொல்வதில்லை. ஆக்சிஜனைத் தின்றுவிடும். உப்புநீரில் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவாகவே கரையும். சென்னை வெயிலில் தொட்டி 32 டிகிரி போனால் இன்னும் குறையும். அதனால்தான் விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். செய்ய வேண்டியது எளிது: தீனியை இரண்டு மூன்று நாள் நிறுத்துவது, செத்ததை உடனே எடுப்பது, பம்பின் வாயை மேல்பரப்பை நோக்கித் திருப்பி அலை எழுப்புவது, ஏர் ஸ்டோன் போடுவது. மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். தொந்தரவு செய்யாமல் விட்டால் மூன்று நாளில் இருந்து ஒரு வாரத்துக்குள் தானாகத் தெளியும்.

கடையில் அப்படி விடவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு பாட்டில் கொடுத்தார்கள். ஒன்று ‘கிளியர் வாட்டர்’. தூசைத் திரட்டி அடியில் தள்ளும் ரசாயனம். திரண்டது மீனின் செவுளிலும் ஒட்டும். மற்றது ‘பிஎச் அப்’. கொலை நடந்தது இரண்டாவது பாட்டிலில்.

கல்லுப்புத் தண்ணீரில் கேஎச் இல்லாததால் பிஎச் 7.5-க்கு இறங்கிக் கிடந்தது. இறாலும் டாங்கும் அழுகியதில் அம்மோனியா 4 பிபிஎம் வரை ஏறியிருந்தது. பிஎச் குறைவாக இருக்கும்போது அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்ற, அவ்வளவாகத் தீங்கில்லாத வடிவில் கிடக்கும். பிஎச் ஏற ஏற விஷ வடிவத்தின் பங்கு ஏறும். பாட்டிலைச் சாய்த்து ஒரே மாலையில் 8.3-க்குக் கொண்டுபோனார்கள். அம்மோனியாவின் மொத்த அளவு மாறாமலே விஷம் ஐந்தாறு மடங்கானது. மரைன் மீன்களில் முரட்டு ஜாதி என்று பெயரெடுத்த டாம்செல் இரண்டும் விடிவதற்குள் செத்தன. அம்மோனியா இருக்கும் தொட்டியில் பிஎச்-ஐ ஏற்றாதீர்கள். முதலில் அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவத்தை (அம்மோனியா பைண்டர்) ஊற்றி, அதே உப்பளவும் அதே சூடும் உள்ள தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். பாதி மாற்றினால் 4 என்பது 2 ஆகும், அவ்வளவுதான். மறுநாளும் மாற்ற வேண்டும். அந்தத் திரவத்தை ஊற்றிய பிறகும் கிட் பழைய எண்ணையே காட்டக்கூடும், கட்டுண்டதையும் சேர்த்து அளப்பதால்.

ஆறாம் நாள் “பாக்டீரியா இன்ஃபெக்‌ஷன்” என்று சொல்லி ஆன்டிபயாடிக் கேப்சூலும் நீல மருந்தும் கொடுத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஊற்றியாகிவிட்டது. முதல் நாள் விற்ற பாக்டீரியா பாட்டிலை ஆறாம் நாள் விற்ற மருந்து கொல்லும் என்பதை இரண்டையும் விற்றவரே யோசிக்கவில்லை. நோய் இருந்தாலும் காட்சித் தொட்டியில் மருந்து ஊற்றக் கூடாது. உப்புக்கல் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி இருந்தால் இக், தூசு படிந்ததுபோல மங்கி வேகமாக மூச்சு வாங்கினால் வெல்வெட், நீமோவின் உடம்பில் சளிப் படலம் உரிந்தால் புரூக்ளினெல்லா. எதுவானாலும் வெறும் தொட்டியில் தனியே வைத்துத்தான் மருத்துவம். செம்பு மருந்து ஊற்றிய தொட்டியில் கல்லும் மணலும் செம்பைக் குடித்து வைத்துக்கொண்டு பின்னால் கக்கும். அந்தக் கல்லை இறால் வளர்க்கும் தொட்டியில் மறுபடி போட முடியாது.

மறுபடி தொடங்குவதானால் மீன் இல்லாமல் தொடங்குங்கள். ஆய்வகத் தரத்து அம்மோனியம் குளோரைடு 60 லிட்டருக்கு 0.4 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் வரும். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரமும் அதுவேதான், ஆனால் கலப்படம் இருக்கும், வேண்டாம். 26, 27 டிகிரியில் சுழலவிட்டு, 2 பிபிஎம் போட்டது 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, அம்மோனியாவை மாற்றும்போது இடையில் உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை மீன் வாங்காதீர்கள். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். பிறகும் முதலில் இரண்டு நீமோ மட்டும். பண்ணையில் பொரித்த குஞ்சாகக் கேளுங்கள். மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் போன்ற இடங்கள் அந்த முறையை எப்போதோ உருவாக்கிவிட்டன. பண்ணைக் குஞ்சு குறுணைத் தீனியைத் தயங்காமல் தின்னும். கடையில் “ராமேஸ்வரம் பவளக்கல்” என்று காட்டினால் தொடாதீர்கள். பவளமும் கடல் குதிரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வைத்திருப்பதே குற்றம். வற்றும் தண்ணீருக்கு ஈடாக வெறும் ஆர்.ஓ. நீர் ஊற்றினால் போதும், உப்பு ஆவியாகாது.

பணம் திரும்பக் கேட்டபோது ‘உயிருள்ளவைக்கு கேரண்டி இல்லை’ என்ற பலகையைக் காட்டினார்கள். மீனுக்கு அந்த வாதம் நிற்கலாம். உப்புக்கு நிற்காது: பொருளின் பெயர், நிகர எடை, எம்.ஆர்.பி. எதுவும் அச்சிடாத பொட்டலத்தை மரைன் சால்ட் என்று விற்றிருக்கிறார்கள். அதனால் மீதி உப்பைக் கொட்டிவிடாமல் பையோடு வையுங்கள், பில்லில் ‘மரைன் சால்ட்’ என்று எழுதி வாங்குங்கள், சோடா சோதனையை வீடியோ எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த வீட்டுக்காரர் அதில் புகார் பதிந்துவிட்டார். பையில் மிச்சமிருந்த கால் கிலோ உப்பும் பில்லும் ஒரே டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.